குமுட்டி அடுப்பை இன்று ராத்திரியே வெளியே வையுங்கள்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி, தஞ்சாவூர் பக்கத்திலிருந்து அக்டோபரில் ஊட்டிக்கு வந்தோம். பழைய காலத்து ஓட்டு வீடு. மாமனாருக்கு 71 வயது. மாமியாருக்கு 66, பிரஷரும் சர்க்கரையும் உண்டு. மகனுக்கு ஆறு வயது, அவனுக்கு அடிக்கடி வீசிங் வரும். மார்கழிக் குளிர் எங்களுக்குப் புதிது. அத்தைக்குக் கால் மரத்துப்போகிறது. ஹாட் வாட்டர் பேக் வைக்கலாமா? பையனுக்குத் தோல் வெடித்து, கால் விரல்கள் சிவந்து அரிக்கின்றன. மாமா சொன்னால் கேட்காமல் அஞ்சு மணிக்கே வாக்கிங் கிளம்பிவிடுகிறார். ரூம் ஹீட்டர் வாங்கினால் கரண்ட் பில் எகிறும் என்று வீட்டுக்காரம்மா ஒரு குமுட்டி அடுப்பு கொடுத்தார். கரி நன்றாகக் கனிந்து புகை அடங்கிய பிறகுதான் அறைக்குள் கொண்டுவந்து, கதவைச் சாத்திப் படுக்கிறோம். கதகதப்பாக இருக்கிறது. காலையில் மட்டும் எல்லோருக்கும் தலை பாரமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் போய் மதியத்துக்குள் பையனுக்குச் சரியாகிவிடுகிறது. மலை உயரம் எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ? கடைசியாக ஒன்று. குளிருக்கு ராத்திரி கொஞ்சம் பிராந்தி நல்லது என்கிறார் என் வீட்டுக்காரர். உண்மையா?

பதில்: நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன் அம்மா. ஆனால் போகிற போக்கில் எழுதிய அந்தத் தலைபாரத்தில்தான் என் கண் நின்றுவிட்டது. மற்றதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இதைப் படித்ததும் முதல் வேலையாக அந்தக் குமுட்டியைத் தூக்கி வீட்டுக்கு வெளியே வையுங்கள். இன்று ராத்திரி அது உள்ளே வரக் கூடாது.

வீட்டில் ஒருவருக்குத் தலைவலி என்றால் ஆயிரம் காரணம் இருக்கலாம். ஒரே அறையில் படுத்த எல்லோருக்கும் ஒரே காலையில் வந்து, வெளிக்காற்றில் போனதும் குறைகிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது கார்பன் மோனாக்சைடு வாயுவைத்தான். மலை உயரத்தின் மேல் பழி போட வேண்டாம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு என்பது உண்மை. புதிதாக வந்தவர்கள் சிலருக்கு முதல் சில நாள் தலை வலிக்கலாம், தூக்கம் கெடலாம். அக்டோபரில் வந்தவர்களுக்கு டிசம்பரில் அதெல்லாம் எப்போதோ அடங்கியிருக்க வேண்டும். தவிர, உயரத்தால் வருகிற தலைவலி என்றால் பள்ளிக்கூடம் போனதும் எப்படிப் போகும்? பள்ளிக்கூடமும் அதே மலையில்தானே இருக்கிறது.

புகை அடங்கிய பிறகு உள்ளே கொண்டுவந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மலையில் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். புகை இருந்தால் கண் எரியும், இருமல் வரும், நாமே எழுந்து கதவைத் திறந்துவிடுவோம். கனிந்த கரி அந்த எச்சரிக்கையைத் தராது. அடியில் எரிந்து உண்டாகும் கரியமில வாயு, மேலே செக்கச்செவேல் என்று இருக்கும் கரியின் ஊடாக ஏறும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. விடியற்காலையில் மேலே சாம்பல் பூத்து, அணைந்த மாதிரி தெரிகிற கரியிலிருந்தும் அது வந்துகொண்டேதான் இருக்கும்.

உள்ளே போன வாயு என்ன செய்கிறது? நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக கார்பன் மோனாக்சைடு அதைப் பற்றிக்கொள்கிறது. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிப்பார்களே, அந்த மாதிரி இடத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. வாசலில் ஆக்சிஜன் நின்றுகொண்டே இருக்கும். நல்ல காற்றுக்கு வந்த பிறகும், ரத்தத்தில் ஏறியதில் பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். உங்கள் மகனுக்கு மதியம் சரியாகிறது என்பது இந்தக் கணக்கோடு நன்றாகவே ஒத்துப்போகிறது.

இதன் கொடுமை, முதலில் தலையைத்தான் பிடிக்கும். தலைபாரம், கிறுகிறுப்பு, குமட்டல், கைகால் சோர்வு. அளவு கூடினால் யோசனை குழம்பும். விழித்துக்கொண்டவருக்குக்கூட எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறக்கத் தோன்றாது, தோன்றினாலும் கால் ஒத்துழைக்காது. தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் இல்லை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் சுற்றுலா வந்தவர்கள் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்து, காலையில் எழுந்திருக்காத செய்தியைப் படித்திருப்பீர்கள். அவர்கள் செய்ததும் நீங்கள் தினமும் செய்வதும் ஒன்றுதான். பழைய ஓட்டு வீடு என்பதால் ஓட்டு இடுக்கு வழியாகக் காற்று கொஞ்சம் போய்வந்து உங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டும். குளிர் கூடக்கூட ஜன்னல் இடுக்கில் துணி அடைப்போம், கதவுக்கடியில் சாக்கை மடித்துப் போடுவோம். அன்றைக்கு இதே கரி வேறு கணக்குக் காட்டும்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு குமுட்டி வைக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வேண்டாம். எவ்வளவு கரிக்கு எவ்வளவு திறப்பு போதும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது, காற்று ஒரு ராத்திரி மாதிரி இன்னொரு ராத்திரி வீசாது. வாசலில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து குளிர் காயுங்கள், சோளம் சுட்டுச் சாப்பிடுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. படுக்கப் போகும்போது அது வெளியிலேயே இருக்கட்டும். சில பழைய வீடுகளில் வெள்ளைக்காரர் காலத்துக் கணப்பு இருக்கும். புகைபோக்கி சுத்தமாக இருந்தால் அது வேறு விஷயம். ஆனால் பல வீடுகளில் மழைக்குப் பயந்து மேலே தகரம் போட்டு மூடியிருப்பார்கள், அல்லது பறவை கூடு கட்டியிருக்கும். ஆள் வைத்துப் பார்க்காமல் அதில் விறகு வைக்காதீர்கள்.

கொரோனா சமயத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் உங்களிடம் இருந்தால் இந்த விஷயத்தில் அதை நம்பாதீர்கள். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறியதற்கும் அந்தச் சாதாரணக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 என்று காட்டலாம். மருத்துவமனைக்குப் போனால், நீங்களாகவே முதல் வாக்கியமாக, "மூடின ரூமில் கரி அடுப்பு வெச்சுப் படுத்தோம்" என்று சொல்லிவிடுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள், கேட்காமலும் போகலாம். ரத்தத்தில் நேரடியாக அந்த வாயுவின் அளவைப் பார்க்கிற பரிசோதனை இருக்கிறது. ஆனால் நேரம் ஆக ஆக அளவு இறங்கிவிடும் என்பதால் காலதாமதம் கூடாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சுவலி, வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல், வழக்கத்துக்கு மாறான தூக்கம் இருந்தால் இன்றே போக வேண்டும். அத்தைக்கு இதெல்லாம் இல்லாவிட்டாலும், பிரஷரும் சர்க்கரையும் இருக்கிறவர் என்பதால் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். மூளையைப் போலவே இதயத்துக்கும் ஆக்சிஜன் பற்றாக்குறை சீக்கிரம் உறைக்கும். என்றைக்காவது பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் மயங்கிக் கிடப்பதைப் பார்த்தால், கதவு ஜன்னலைத் திறந்து, ஆளை வெளியே இழுத்து வந்துவிட்டு 108-க்கு அழையுங்கள். உள்ளே நின்று எழுப்பிக்கொண்டிருக்க வேண்டாம், நீங்களும் விழுந்துவிடுவீர்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், நீங்கள் எழுதவில்லை: குளிக்க வெந்நீர் எப்படிப் போடுகிறீர்கள்? கேஸ் கீசர் பாத்ரூமுக்குள் மாட்டியிருந்தால் அதுவும் இதே வாயுவைத் தரும். குளிருக்காக பாத்ரூம் ஜன்னலையும் சாத்திவிட்டுக் குளிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கீசரும் சிலிண்டரும் வெளிச்சுவரில் இருந்து, குழாய் மட்டும் உள்ளே வர வேண்டும். வாளியில் போடுகிற ஹீட்டர் ராடு என்றால், சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். பையன் எழுந்து நடமாடும் நேரத்தில் அதைப் போடவே வேண்டாம்.

சரி, குமுட்டி இல்லாமல் எப்படித் தூங்குவது? கரண்ட் பில் பயத்தில்தான் எல்லாம் தொடங்கியிருக்கிறது, அதனால் கணக்கையே பார்த்துவிடலாம். 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு போட்டு அறையைச் சூடாக்கி, கம்பளிக்குள் போனதும் அணைத்துவிட்டால் ஒன்றரை யூனிட்டோடு முடிந்தது. நீங்கள் கரிக்குக் கொடுக்கிற காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லுங்கள். வசதி இருந்தால் ஆயில் நிரப்பிய ரேடியேட்டர் வகை வாங்குங்கள். சிவப்பாகக் கம்பி தெரிகிற வகை மலிவு, ஆனால் போர்வை பட்டால் பற்றிக்கொள்ளும். எந்த வகையானாலும் படுக்கை, திரைச்சீலையிலிருந்து மூன்றடி தள்ளி வையுங்கள். ஈரத்துணியை அதன் மேல் காயப்போடாதீர்கள். ஊட்டியில் டிசம்பரில் துணி காய்வது பெரும் பாடு என்று எனக்கும் தெரியும், ஆனாலும் வேண்டாம். 2,000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதைச் சின்ன பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ சொருகினால் வயர் உருகும். பெரிய பிளக் பாயிண்டில்தான் நேரடியாகச் சொருக வேண்டும். பழைய வீட்டில் வயரிங் எந்தக் காலத்ததோ, எலெக்ட்ரீஷியனை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டிவிடுவது நல்லது.

வீட்டுக்குள் எவ்வளவு சூடு இருந்தால் போதும் என்பதற்கு, உலக சுகாதார நிறுவனம் குளிர்காலத்துக்குச் சொல்லும் அளவு குறைந்தது 18 டிகிரி. வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கிற வீட்டில் அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம். பழைய ஓட்டு வீட்டின் எல்லா அறையையும் அப்படி வைக்க நினைத்தால் சொத்தை விற்க வேண்டியதுதான். குளிர் உச்சத்தில் இருக்கிற இந்த ஒன்றிரண்டு மாதமும் ஒரே அறையில் எல்லோரும் படுத்துக்கொண்டு அதை மட்டும் சூடாக்குங்கள். பகலில் வெயில் அடிக்கிற பக்கத்துத் திரைச்சீலையை விலக்கி, நாலு மணிக்கு மூடிவிடுங்கள். மெத்தைக்குக் கீழே ஒரு கம்பளி விரித்தால், மேலே இரண்டு போர்த்துவதைவிடச் சுகமாக இருக்கும். உடம்பில் ஒரே தடித்த ஸ்வெட்டரைவிட, உள்ளே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு மூன்று மெல்லிய உடுப்பு அதிகச் சூட்டைப் பிடித்துவைக்கும்.

அத்தையின் காலுக்கு வருகிறேன். சர்க்கரை உள்ளவருக்குக் கால் மரத்தால் குளிர்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். சர்க்கரையால் நரம்பு உணர்ச்சி குறைந்திருக்கலாம், டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் அது. அந்தப் பாதத்தில் ஹாட் வாட்டர் பேக் வைத்தால் சுடுவது தெரியாமலே வெந்துபோகும். காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும், பிறகு அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் அலைய வேண்டும். படுப்பதற்கு அரை மணி முன்பு பேக்கைப் போர்வைக்குள் வைத்துப் படுக்கையைச் சூடாக்கிவிட்டு, அவர் படுக்கும்போது எடுத்துவிடுங்கள். காலுக்கு தளர்வான கம்பளி சாக்ஸ் போதும். தினமும் கழற்றி, விரல் இடுக்கு வரைக்கும் பாருங்கள்.

குளிரில் ரத்தக் குழாய் சுருங்குவதால் பிரஷர் ஏறும். தஞ்சாவூரில் சரியாக இருந்த மாத்திரை அளவு ஊட்டிக் குளிருக்குப் போதாமல் போகலாம். கையைச் சூடாக வைத்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, ஒரு வாரம் பிரஷர் பார்த்து எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஜலதோஷத்துக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரைகள் பலவற்றில் மூக்கடைப்பு நீக்கும் மருந்து கலந்திருக்கும், அது பிரஷரை ஏற்றும். "எனக்கு பிரஷர் இருக்கு" என்று சொல்லி வாங்க வேண்டும். குளிரில் தாகம் தெரியாது என்பதால் அத்தையும் மாமாவும் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள், அதையும் கவனியுங்கள். இருவருக்கும் வருடா வருடம் போடுகிற ஃப்ளூ ஊசியைப் பற்றி அதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பையனின் விரல் சிவப்பும் அரிப்பும் குளிரால் வருகிற வீக்கம். ஜில்லிட்ட காலைத் திடீரென்று நெருப்பில் காட்டினால் அது வரலாம், வந்த பிறகு காட்டினாலும் கூடும். குமுட்டி வெளியே போனால் பாதிப் பிரச்சினை தீரும். பள்ளியிலிருந்து வந்ததும் ஈர சாக்ஸை மாற்றுங்கள். விரலை நெருக்காத ஷூ போடுங்கள். ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் வற்றிவிடும். தோல் உடைந்து புண்ணானால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். வெடிப்பைக் கூட்டுவது கொதிக்கக் கொதிக்க நீண்ட நேரம் குளிப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் முடித்து, துண்டால் ஒற்றி, ஈரப்பதம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிவிடுங்கள். எண்ணெய் அங்கே எப்போதும் உறைந்துதான் கிடக்கும், வெந்நீரில் பாட்டிலை வைத்தால் உருகும்.

வீசிங் உள்ள குழந்தை என்பதால் இன்னும் மூன்று. தலை காய சாம்பிராணிப் புகை காட்டாதீர்கள். எண்ணெயில் சூடத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்க்காதீர்கள், சூடம் வாய்க்குள் போனால் வலிப்பே வரலாம். பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீர் வைத்து ஆவி பிடிக்க வைக்காதீர்கள். மூச்சுத்திணறல் அதில் தீராது, கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளே அதிகம். டாக்டர் தினசரி எடுக்கச் சொன்ன இன்ஹேலரைக் குளிர்காலத்தில் ஒருநாளும் விட வேண்டாம். வெளியே போகும்போது மஃப்ளர் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடட்டும்.

மாமாவிடம் குளிர், மாரடைப்பு என்றெல்லாம் சொல்லிப் பார்த்திருப்பீர்கள். உண்மைதான், மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்காலத்தில் கூடும், காலை வேளையில் இன்னும் கூடும். ஆனால் 71 வயதில் நடந்தே பழகியவரிடம் அது எடுபடாது. காட்டுமாட்டைச் சொல்லுங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி குடியிருப்புகளுக்குள்ளேயே காட்டுமாடும் கரடியும் சிறுத்தையும் நடமாடுகின்றன. விடியாத பனிமூட்டத்தில் வளைவு திரும்பினால் எதிரே நிற்பது காட்டுமாடா புதரா என்று பக்கத்தில் போகும்வரை தெரியாது. உறைபனி படிந்த புல்லும் தார் ரோடும் அந்நேரத்தில் வழுக்கும், இடுப்பெலும்பு முறிந்தால் மிச்ச வாழ்க்கை நடையே கிடையாது. வெயில் வந்த பிறகு எட்டு, எட்டரைக்குக் கிளம்பட்டும். மங்கி கேப் ஒன்று தலையில், கையுறை கையில். முதல் பத்து நிமிடம் மெதுவாக, ஏற்றத்தில் பேச முடிகிற வேகத்தில். நெஞ்சு இறுகினால் நிற்க வேண்டும், "வாயு" என்று சொல்லிக்கொண்டு நடக்கக் கூடாது.

பொங்கலுக்கு ஊருக்குக் கார் எடுத்துப் போவதாக இருந்தால், நன்றாக விடிந்த பிறகு மலையிறங்குங்கள். ஏறும்போது போடுகிற கியரிலேயே இறங்குங்கள், மூட்டத்தில் டிம் லைட்தான். கண்ணாடியில் படிந்த உறைபனி மேல் வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். ஷெட்டை மூடிக்கொண்டு இன்ஜினைச் சூடாக்காதீர்கள், அங்கேயும் வருவது அதே கார்பன் மோனாக்சைடுதான்.

உங்கள் வீட்டுக்காரரின் பிராந்திக்கு வருவோம். குடித்ததும் உடம்பு சூடான மாதிரி இருப்பது, தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிவதால். உள்ளே இருந்த சூடு அந்த வழியாக வெளியே போகிறது, கொஞ்ச நேரத்தில் குளிர் கூடத்தான் செய்யும், நடுக்கமும் உறைக்காது. மருந்து என்ற பெயரில் குடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கரி அடுப்பு வைத்த அறையில் குடித்துவிட்டுப் படுக்கிறவர் தலைவலிக்குக்கூட எழுந்திருக்க மாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேட்டரியில் ஓடுகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது. அந்த பாட்டில் காசை மிச்சம் பிடித்து ஒன்று வாங்கி, படுக்கை உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.